தோணா வாயின் கடைசி மண்

முஸ்பிறாவைப் பிரதேச சபைக்கு அனுப்பிய கட்சிக்காரர்கள், அவள் அங்கே வாய் திறக்கமாட்டாள் என்று நம்பித்தான் அனுப்பினார்கள். பல வருசமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒரு பெண்ணைப் பற்றி இப்படியொரு நம்பிக்கை வைத்தவர்களுக்கு அரசியல் எப்படிப் பிடிபட்டது என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். பிந்தி வருகிற பிள்ளையின் உம்மாவை, வேனுக்குள் தலைமயிரைப் பிடித்து இழுக்கிற பொடியன்களை, வீதியில் மாட்டை அவிழ்த்துவிட்டுப் பல் குத்திக்கொண்டு நிற்கிறவனை, எல்லாரையும் ஒரே குரலில் சமாளிக்கிறவள் அவள். அவளுடைய ஹோன் சத்தத்துக்கு எழும்பாத பிள்ளையும் அவளுடைய சத்தத்துக்கு எழும்பிவிடும்.

சபையில் நாலில் ஒரு பங்கு பெண்கள் இருக்கவேண்டும் என்று சட்டம் வந்ததும் கட்சிகள் பெண் தேடி வீடு வீடாக அலைந்த கதை எல்லாருக்கும் தெரியும். பூவரசந்துறையில் அப்படி அலைந்தவர் முர்ஷித். கட்சிக்கு ஊரில் அவர்தான் எல்லாம். வேட்டியை மடித்துக்கொண்டு முஸ்பிறாவின் வாசலில் வந்து நின்றார்.

"சும்மா பேர மட்டும் தாங்க தங்கச்சி. நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல. கூட்டத்துக்கு வந்து கையத் தூக்கினாச் செரி."

"கையத் தூக்கிறதெண்டா என்ட வேன்ல வாற புள்ளைகளும் தூக்குதுகள் காக்கா. அதுக்கு நான் எதுக்கு?"

காக்கா என்று அண்ணன் முறையில் கேட்டதால் முர்ஷித் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். முஸ்பிறாவின் புருசன் பளீல் ஒலுவில் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிறவன். முர்ஷித் படியிறங்கிப் போன பிறகு அவன் சொன்னான்: "பேரக் குடுத்தா ஆளும் சேந்துதான் வரும் எண்டு அவருக்கு ஒருத்தரும் சொல்லல்ல போல."

இப்படித்தான் முஸ்பிறா உறுப்பினரானாள். ஆனதும் அவள் கேட்ட முதல் விசயம் தோணா.

பூவரசந்துறை, சாய்ந்தமருதைத் தாண்டிக் காரைதீவுக்குப் போகிற வழியில் இருக்கிற சின்ன ஊர். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் வீடுகளை ஒட்டிக்கொண்டு தோணா. வயல் வடிச்சலும் மழைத் தண்ணியும் வந்து சேருகிற நீளமான நீர்நிலைக்குத்தான் அந்தப் பேர். அது கடலோடு சேருகிற வாயை அலை மண் போட்டு மூடிவிடும். மாரி மழைக்கு அந்த மண்ணை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்குப் போகும், வெட்டாவிட்டால் வீட்டுக்கு வரும். இதில் விளங்காமல் போக ஒன்றுமில்லை, ஆனாலும் ஒவ்வொரு வருசமும் வெள்ளம் வீட்டுக்குத்தான் வந்தது.

ஏன் என்றால், வெட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. கடல் பக்கமிருந்து வாய்க்கால் வெட்டிக்கொண்டு வந்து, தோணாப் பக்கம் ஒரு துண்டு மண்ணை மட்டும் விட்டுவைப்பார்கள். அதற்குக் கடைசி மண் என்று பேர். எல்லாரும் ஒதுங்கி நிற்க, ஊரில் பெரியவர் ஒருவர் வந்து அதை வெட்டுவார். தண்ணி பாயும். அந்த வருசம் முழுக்க அவர் பேரில்தான் ஓடும். 'இன்னார் வெட்டின வருசம் என்ட மூத்தவள் பிறந்தாள்' என்று கணக்குச் சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். முன்னே வயற்காரர்களின் வட்டவிதானையார் வெட்டினார், பிறகு பள்ளிவாசல் தலைவர் வெட்டினார். கைபேசியில் கமரா வந்ததும் அரசியல்வாதிகளுக்கு அந்த மண்ணில் திடீரென்று ஆசை பிறந்துவிட்டது.

பெரியவர் என்றால் கடைசியாகத்தான் வருவார், அதுவும் முறையில் அடக்கம். ஆகவே பெரியவராக இருக்க விரும்புகிறவர்கள் எல்லாரும் பிந்தி வரப் பழகிக்கொண்டார்கள். அவர்கள் பிந்தப் பிந்த, தோணாக்கரை வீதியில் தண்ணி முழங்காலுக்கு ஏறும். முஸ்பிறாவின் வேன் வெளிக்கிடாது, பிள்ளைகளுக்குத் தவணைப் பரீட்சை தவறும். பக்கத்து வீட்டு றுகையாவின் பிழைப்பு தையல். போன மாரி அவளுடைய தையல் மெசினின் மோட்டருக்குள் சேறு போய், பெருநாளைக்கென்று ஊரார் கொடுத்த துணியெல்லாம் பழுப்பு நிறமாகிப்போனது. அவள் ஒவ்வொரு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டதை முஸ்பிறா வேனுக்குள் இருந்து பார்த்தாள். அந்த வயிற்றெரிச்சலைத்தான் அவள் சபைக்குக் கொண்டுபோனாள்.

நல்ல காலமாக, மாகாணத்தில் ஒரு திணைக்களம் தோணா வாயில் கொங்கிறீட்டில் மடை கட்டி இரும்புக் கதவு போட்டுத்தரத் தயாராக இருந்தது. ஒரேயொரு நிபந்தனை. தோணாவை மண் போட்டு நிரப்புவதைத் தடுத்து, கதவை யார் எப்போது திறப்பது என்று தீர்மானித்து, சபை ஓர் உபவிதி நிறைவேற்றித் தரவேண்டும். ஒக்டோபர் முடிவதற்குள் தரவேண்டும். தராவிட்டால் அந்த ஒதுக்கீடு வேறு ஊருக்குப் போகும்.

முஸ்பிறா அதைப் பிடித்துக்கொண்டாள். மீனவர் பகுதியிலிருந்து வந்த சுபாஸ்கரன் அவளோடு சேர்ந்தார். அவர் சொந்தமாக வலை வைத்திருக்கிறவர், எந்தக் கட்சிக்கும் பயப்படாதவர். வயற்காரனுக்கு வாயைக் கெதியாக வெட்டவேண்டும், இல்லாவிட்டால் பயிர் அழுகும். மீன்காரனுக்குச் சுணங்கி வெட்டவேண்டும், அப்போதுதான் தோணாவில் இறால் பெருக்கும். இந்த இரண்டு பேரையும் ஒரு பாயில் இருத்திக் கதைக்க வைப்பதற்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் பாலத்துத் தூணில் ஒரு சிவப்புக் கோடு போடுவதென்று முடிவானது. தண்ணி அந்தக் கோட்டைத் தொட்டால் திறக்கவேண்டும். வயற்காரர் ஒருவர், மீனவர் ஒருவர், தோணாக்கரையில் குடியிருக்கிறவர் ஒருவர் என்று மூன்று பேர் சேர்ந்த குழு திறக்கும். எந்தப் பெரியவரையும் கேட்கத் தேவையில்லை.

"இதுல ஆருக்கும் நட்டமில்ல தங்கச்சி. அதுதான் எனக்குப் பயமா இரிக்கு," என்றார் சுபாஸ்கரன்.

"நட்டமில்லாட்டி என்ன பயம் அண்ணன்?"

"லாபமும் இல்லையே. லாபமில்லாத வேலைக்குச் சபையில கை எழும்புமா?"

முஸ்பிறா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் கூட்டத்தில் உபவிதி வந்தபோது எல்லாரும் அதைப் புகழ்ந்தார்கள். தவிசாளர் பாயிஸ் ஹாஜியார் எதிர்க்கட்சி என்றாலும், "நம்மட ஊருக்கு இது ஒரு பொக்கிசம்" என்று கண் கலங்கிப் பேசினார். அதே சபையில் உறுப்பினராக இருந்த முர்ஷித், தன் கட்சி கொண்டுவந்த பிரேரணை என்பதை மூன்று தரம் ஞாபகப்படுத்தினார். இரண்டாம் வாசிப்பு ஒக்டோபரில் என்று முடிவாகி எல்லாரும் பெட்டிஸ் சாப்பிட்டுக் கலைந்தார்கள்.

இடையில் மாகாணசபைத் தேர்தல் வரப்போகிறது என்று ஒரு கதை கிளம்பியது. வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் பாயிஸ் ஹாஜியாருக்கும் முர்ஷித்துக்கும் நித்திரை போய்விட்டது. இரண்டு பேருக்கும் அந்த மாகாணசபைக் கதிரைதான் கண்ணில். முஸ்பிறா இதைக் கண்டாள். கண்டு, தன் புத்திசாலித்தனத்தில் ஒரு வேலை செய்தாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன் தலையிலேயே அடித்துக்கொள்ள வரும்.

பெரியவர்கள் என்றால் கொஞ்சம் மரியாதை காட்டவேண்டும், மரியாதை கிடைத்தால் வேலை நடக்கும் என்பது அவள் கணக்கு. ஊர்முறை தெரிந்த எவரும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். அதனால் உபவிதியின் கடைசியில் தானே ஒரு பிரிவு சேர்த்தாள். ஒக்டோபர் கூட்டத்தில் எழும்பி, வேனில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்:

"இந்த மாரிக்கு நாம வெட்டப்போறதுதான் தோணா வாயில கடைசி வெட்டு. இதுக்குப் பொறகு ஆரும் அங்க மண்வெட்டியோட நிக்கத் தேவல்ல. இந்த வருசம் கடைசி மண்ண வெட்டுற ஆள்ர பேர, கட்டப்போற மடையில கல்லுல பொறிக்கிற எண்டு ஒரு பிரிவும் போட்டிரிக்கன்."

வேனில் பிள்ளைகளிடம் ஒரு இனிப்புப் பக்கற்றைக் கொடுத்து 'பங்கு போட்டுத் தின்னுங்க' என்று சொன்னால் அதுகள் எப்படியோ பங்கு போட்டுக்கொள்ளும். சபை உறுப்பினர்களைப் பிள்ளைகள் அளவுக்கு நம்பியது அவள் பிழை.

அவளுடைய வாயாலேயே இரண்டு பெரியவர்களுக்கும் விசயம் வெளித்தது. மடை வந்தால் இனிமேல் கடைசி மண் இல்லை. இந்த வருசம் வெட்டுகிறவன் பேர் கல்லில் நிற்கும். மற்றவன் பேர் எங்கேயும் நிற்காது.

"கல்லுல எண்டா... ஆர்ர பேரு?" என்று கேட்டார் பாயிஸ் ஹாஜியார், மிக மெதுவாக.

"வெட்டுற ஆள்ர பேரு," என்றாள் முஸ்பிறா.

"சபைக்குத் தவிசாளர் நான். அப்ப நான்தானே வெட்டணும். அத எழுத்துல போடுங்க."

முர்ஷித் எழும்பிவிட்டார். "பிரேரணை எங்கட கட்சிட. நாங்க கஸ்டப்பட்டுக் கொண்டு வந்த மடையில உங்கட பேரா? நல்லா இரிக்கி ஹாஜியார் உங்கட ஞாயம்!"

பின்வரிசையில் இருந்த ஒருவர் மௌத்தாகி மண்ணுக்குப் போன தன் வாப்பாவின் பேரை முன்மொழிந்தார். இன்னொருவர் இரண்டு கல் வைக்கலாம் என்றார். எந்தக் கல் மேலே, எந்தக் கல் கீழே என்று உடனே கேள்வி வந்தது. சுபாஸ்கரன் எழும்பி, "கல்லே வேணாம் ஐயாமாரே, கதவக் கட்டுங்க" என்றார், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முஸ்பிறா முகம் சிவந்து நின்றாள்.

"அந்தப் பிரிவ நான் வாபஸ் வாங்கிறன். மற்றதுகள நிறைவேத்துங்க!"

"அதெப்படி?" என்றார் முர்ஷித். அவளுடைய கட்சித் தலைவர், அவளுடைய வாசலில் வந்து நின்றவர். "கனக்க யோசிக்க வேண்டிய விசயம் இது. குழு ஒண்டு போட்டு ஆராய்வம்."

அந்த ஒரு விசயத்தில் மட்டும் பாயிஸ் ஹாஜியார் உடனே ஒத்துக்கொண்டார். குழுவுக்கு இரண்டு பேரும் இணைத்தலைவர்கள். யார் வீட்டில் கூடுவது என்று தீர்மானமாகாததால் அந்தக் குழு ஒரு நாளும் கூடவில்லை. ஒக்டோபர் முடிந்தது. ஒதுக்கீடு வேறு ஊருக்குப் போய்விட்டதாகத் திணைக்களம் அறிவித்தது. மடை வேண்டாம் என்று யாரும் வாக்களிக்கவில்லை, யாரும் எதிர்த்துப் பேசவுமில்லை. எல்லாரும் ஆதரித்த ஒரு சட்டம் எல்லாருடைய ஆதரவோடும் செத்துப்போனது.

முஸ்பிறா அன்றைக்கு வேனைக் கழுவும்போது டயரைத் தேய்த்த தேய்ப்பில் பளீல் வெளியே வந்து பார்த்தான்.

"டயர் என்னகா செஞ்ச உனக்கு?"

"என்ட வாயால நானே கெடுத்தன். பேசாம இரிந்திரிந்தா அது பாஸாகி இரிக்கும்."

"நீ பேசாம இரிந்தா, முதல்ல அது வந்தே இரிக்காது," என்றான் அவன். அவள் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே மற்ற டயரையும் தேய்த்தாள்.

மாரி வழமைபோல வந்தது. வாடைக்காற்றோடு விடாமல் கொட்டியது. பாலத்துத் தூணில் அவர்கள் போட்டுவைத்த சிவப்புக் கோடு தண்ணிக்குள் போனது, அதைக் கேட்க ஒரு சட்டமும் இல்லை. தோணாக்கரை வீதியில் றுகையா மெசினைத் தூக்கி மேசைமேல் வைத்து, மேசையைக் கல்லின்மேல் ஏற்றினாள். விடிய சுபஹுத் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்தபோது பள்ளிவாசல் படிக்குத் தண்ணி வந்திருந்தது.

முஸ்பிறா சாறனைப்போல அபாயாவை முழங்கால்வரை ஏற்றிச் செருகி, றப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தோணா வாய்க்குப் போனாள். அங்கே மண் அள்ளுகிற பெக்கோ இயந்திரம் ஒன்றுக்கு இரண்டாக நின்றது. ஒன்று பாயிஸ் ஹாஜியார் அனுப்பியது, மற்றது முர்ஷித் அனுப்பியது. இரண்டு சாரதிகளும் ஒரே றப்பர் விரிப்புக்குக் கீழே குந்திக்கொண்டு பிளேன்டீ குடித்தார்கள்.

"ஏன் தம்பி வெட்டாம நிக்கிற?"

"ஹாஜியார் வந்தாத்தான் கை வைக்கலாம் எண்டு ஓடர் ராத்தா." மற்றவனும் தலையாட்டினான். "எனக்கு முர்ஷித் காக்கா வரணும்."

முஸ்பிறா மழைக்குள் நின்றபடி ஹாஜியாருக்கு அழைத்தாள்.

"முர்ஷித் அங்க வந்திட்டாரா?" என்று கேட்டார் ஹாஜியார், ஸலாம்கூடச் சொல்லாமல்.

"இல்ல ஹாஜியார். தண்ணி வீட்டுக்குள்ள வந்திட்டு. கெதியா வாங்க."

"அவர் வந்தொடன எனக்குச் சொல்லுங்க. நான் உடுத்திட்டுத்தான் இரிக்கன்."

அவள் முர்ஷித்துக்கு அழைத்தாள். "பாயிஸ் வந்திட்டாரா தங்கச்சி?" என்றார் அவர். "வந்தொடன ஒரு கோல் தாங்க, நான் வாகனத்துக்குள்ளதான் இரிக்கன்."

கடைசியாக வருகிறவன்தான் பெரியவன். இரண்டு பெரியவர்களும் மற்றவன் முதலில் போகட்டும் என்று வீட்டில் இருந்தார்கள். ஊர் தண்ணிக்குள் இருந்தது. முஸ்பிறாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கோபம் வந்தது. அவள் வாழ்க்கையில் யாருக்காகவும் வேனை நிறுத்தி வைத்துக் காத்திருந்தவள் இல்லை. இரண்டு ஹோன், பிறகு போய்விடுவாள்.

சுபாஸ்கரனுக்கு அழைத்தாள். "அண்ணன், ஆக்களையும் மண்வெட்டியையும் எடுத்திட்டு வாங்க. வெட்டுவம்."

"தவிசாளர் வந்திட்டாரா?"

"நீங்களும் இதையா கேக்கிற?"

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "வாறம் தங்கச்சி."

மீனவர்கள் வந்தார்கள். பள்ளிவாசலில் நின்ற ஆட்கள் வந்தார்கள். வயற்காரர்கள் நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். மேசையையும் மெசினையும் அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டு றுகையா வந்தாள், அவளுக்குப் பின்னால் வீதியில் உள்ள பெண்கள் எல்லாரும் வந்தார்கள். பெக்கோ சாரதிகள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு ஒருவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஓடர் இல்லாம எஞ்சினத் தொட்டா வேல போயிரும் ராத்தா. ஆனா எறங்கி மண்வெட்டி பிடிக்கப்படாதெண்டு ஒருத்தரும் சொல்லல்ல."

இரண்டு பேரும் இறங்கினார்கள். கடல் பக்கமிருந்து வாய்க்கால் மேலே மேலே வந்தது. மழை மண்ணைக் கரைக்கக் கரைக்க வெட்டினார்கள். கடைசியில் தோணாவுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் அந்தத் துண்டு மண் மட்டும் மிச்சமிருந்தது.

அப்போது நடந்ததுதான் வேடிக்கை. யாரும் சொல்லாமலேயே எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஒதுங்கி நின்று வீதிப் பக்கம் பார்த்தார்கள். வீட்டுக்குள் தண்ணி நிற்கிறது, பயிர் அமிழ்கிறது, ஆனாலும் பெரியவர் வந்து வெட்டட்டும் என்று கால் தானாகப் பின்னால் போகிறது. அவ்வளவு காலத்துப் பழக்கம். முஸ்பிறாவும் ஒதுங்கித்தான் நின்றாள், பொய் சொல்ல ஏலாது.

"என்னத்தப் பாத்திட்டு நிக்கிறாய்?" என்று றுகையா கத்தினாள். "வெட்டுகா!"

முஸ்பிறா வெட்டினாள். ஒரு வெட்டு, இன்னொரு வெட்டு. மண் அசைந்தது, பிறகு தண்ணியே மிச்சத்தைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. சுபாஸ்கரன் அவளுடைய கையைப் பிடித்து மேலே இழுத்திருக்காவிட்டால் அவளும் சேர்ந்து கடலுக்குப் போயிருப்பாள். பெண்கள் குரவை போட்டார்கள், ஆண்கள் 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொன்னார்கள், மீனவர்கள் விசில் அடித்தார்கள். சாரதிகளில் ஒருவன் எல்லாவற்றையும் கைபேசியில் பிடித்துவிட்டான்.

பெரியவர்கள் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தார்கள். பாய்கிற தண்ணிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் ஊர் முழுக்க முஸ்பிறாவின் படம் போய்விட்டிருந்தது.

அதற்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. கடையில் அவளுக்கு முதலில் சாமான் கட்டினார்கள். பிரதான வீதியில் பஸ்காரன் வழி விட்டான். ஒரு கல்யாண வீட்டில், "இது முஸ்பிறா வெட்டின வருசம்" என்று யாரோ சொன்னதை அவள் காதால் கேட்டாள். அது இனித்தது. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, நன்றாகவே இனித்தது.

முர்ஷித் மஸ்கட் இனிப்புப் பெட்டியோடு வந்தார். "மாகாணசபைக்கு நம்மட கட்சியில உங்கட பேரையும் போடுவம் தங்கச்சி. இனி இந்த உபவிதிக் கதைய விடுங்க. மடை எதுக்கு? ஒவ்வொரு மாரியும் நீங்க போய் வெட்டுங்க, நான் கமராக்காரன அனுப்பிறன்."

அவர் மட்டும் சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். ஆனால் றுகையாவும் அதையே சொன்னாள். "இரும்புக் கதவு கறள் பிடிச்சிப் போகும்கா. நீ இரிக்கக்குள்ள எங்களுக்குக் கதவு எதுக்கு?"

மரியாதை கெட்டதா? தண்ணி போனதுதானே? யார் வெட்டினால் என்ன, அவள் பிந்தி வருகிறவள் இல்லையே? இப்படியெல்லாம் முஸ்பிறாவின் மனசு அவளுக்கு ஞாயம் சொன்னது.

மார்கழிக் கடைசியில் மழை திரும்ப வந்தது. அலை மண் போட்டுத் தோணா வாய் திரும்ப மூடியிருந்தது. முஸ்பிறா பிரத்தியேக வகுப்புக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாலத்தில் போகும்போது, வழமைபோலத் தூணைப் பார்த்தாள். தண்ணி சிவப்புக் கோட்டுக்குக் கீழே நின்றது. இன்னும் கொஞ்சம் ஏறினால் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. ஏறினால் ஊர் அவளைக் கூப்பிடும். மண்வெட்டியோடு போகலாம்.

அவள் வேனைப் பாலத்திலேயே நிறுத்திவிட்டாள். பின்னால் பிள்ளைகள், "என்ன ராத்தா, என்ன ராத்தா" என்று கத்தினார்கள். அதில் றுகையாவின் மகளும் இருந்தாள். அந்தப் பிள்ளையின் வீட்டுக்குள் தண்ணி போகட்டும் என்றல்லவா ஒரு நொடி ஆசைப்பட்டோம் என்று முஸ்பிறாவுக்கு உடம்பு கூசியது. ஹாஜியாரையும் முர்ஷித்தையும் அவள் ஏசாத ஏச்சில்லை. இப்போது அவர்களை அவளுக்கு நன்றாக விளங்கியது, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அவர்களும் ஒரு காலத்தில் மழைக்குள் ஓடிப்போய் வெட்டியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

அந்த மழை தானாக வெறித்துவிட்டது. தை மாதக் கூட்டத்துக்கு முஸ்பிறா உபவிதியைத் திரும்பக் கொண்டுவந்தாள். மடைக்கு ஒதுக்கீடு இல்லை, அதை அடுத்த வருசம் கேட்கவேண்டும். ஆகவே மடை வரும்வரை, தண்ணி கோட்டைத் தொட்டதும் அந்த மூன்று பேர் குழுவே ஆட்களை வைத்து வாயை வெட்டிவிடவேண்டும் என்று மாற்றி எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு புதுப் பிரிவு. செயலாளர் அதை வாசித்தார்: சபையின் தவிசாளரோ உறுப்பினர் எவருமோ, தோணா வாய் வெட்டப்படும்போது மண்வெட்டி பிடிக்கலாகாது, அவர்கள் பேர் அந்த வேலையோடு சேர்க்கப்படவும் ஆகாது.

பாயிஸ் ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உறுப்பினர் எவரும் எண்டா, நீங்களும்தானே?"

"ஓம் ஹாஜியார். முதல்ல நான்தான்."

முர்ஷித் அவள் பக்கம் குனிந்து, "உங்களுக்கு விசரா தங்கச்சி? கையில வந்தத ஏன் விடுற?" என்றார் பல்லைக் கடித்தபடி.

"கையில இரிந்தா விட மனசு வராது காக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

ஹாஜியார் யோசித்தார். அவர் என்ன யோசித்தார் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. இந்தச் சட்டம் இல்லாவிட்டால் அடுத்த மாரிக்கும் இந்தப் பெண் மண்வெட்டியோடு நிற்பாள், ஊர் அவளுக்குக் குரவை போடும், தேர்தலும் வரும். அவர் தன் கையை உயர்த்தினார். அவர் ஆட்கள் எல்லாரும் உயர்த்தினார்கள். சுபாஸ்கரன் உயர்த்தினார். முர்ஷித் சுற்றிவரப் பார்த்தார். ஹாஜியார் கை தூக்கிய இடத்தில் தான் தூக்காமல் இருந்தால் நாளைக்கு என்ன கதை வரும் என்று அவருக்கும் விளங்கியது. அவருடைய கையும் மேலே போனது. ஒக்டோபரில் மறித்து வைத்த அதே சுயநலம் அன்றைக்கு வழி விட்டது.

முஸ்பிறா கடைசியாகத் தூக்கினாள். "எதிர்ப்பு?" என்று கேட்டார் செயலாளர். ஒருவரும் இல்லை.

பொதுமக்களுக்குப் போட்டிருந்த வாங்கில் குந்தியிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த றுகையா, வெளியே வரும்போது அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்னகா செஞ்சிட்டு வாறாய்? உன்ட பேர நீயே வெட்டிப் போட்டியே!"

"ஓம்கா," என்றாள் முஸ்பிறா. "அத ஆராவது வெட்டத்தானே வேணும்."

றுகையா ஏசிக்கொண்டே கூட நடந்தாள். தோணாக்கரைக்காரர் சார்பில் குழுவுக்கு ஓர் ஆள் வேண்டும், அதற்கு அவளுடைய பேரைத்தான் கொடுத்திருக்கிறேன் என்று முஸ்பிறா சொன்னதும் அந்த ஏச்சு நின்றது.

"எனக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாதே," என்றாள் றுகையா.

"தண்ணி கோட்டத் தொட்டா ஆக்களக் கூப்பிட்டுக் கத்தத் தெரியும்தானே. அது போதும். ஒருத்தரையும் பாத்திட்டு நிக்காத."